அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மொழிப் பன்மை: புள்ளியியல் மென்பொருள்வழிக் கணிப்பும் அதன் எல்லைகளும்

முன்னுரை

ஒரு நிலப்பகுதியில் எத்தனை மொழிகள் வழங்குகின்றன என்னும் வினாவும், அப்பகுதி எந்த அளவிற்கு மொழிப் பன்மை உடையது என்னும் வினாவும் ஒன்றல்ல. முன்னதற்கு எண்ணிக்கை போதும். பின்னதற்குப் பேசுவோர் தொகை அம்மொழிகளுக்கிடையே எவ்வாறு பகிர்ந்துள்ளது என்பதும் தெரிய வேண்டும். பின்னதை ஓர் எண்ணாகக் கூறும் முறையைப் புள்ளியியல் வகுத்துள்ளது. அக்கணக்கை இன்று மென்பொருள் நொடிப்பொழுதில் செய்துவிடுகிறது. எனினும், எதை எதனோடு சேர்த்து எண்ணுவது என்பதை மென்பொருள் முடிவு செய்வதில்லை. அம்முடிவு மொழியியலாருடையது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவைக் கொண்டு இக்கருத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கருவி

புள்ளியியற் கணிப்புக்கென்றே அமைந்த நிரல்மொழிகளுள் 'எஸ்' என்பது முன்னோடியானது. இது 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்சும் அவர்தம் உடன்பணியாளர்களும் உருவாக்கியது. அதன் வழியில் நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் 'ஆர்' என்னும் மொழியை அமைத்தனர். அது 1995இல் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது; அதன் முதல் முழுப்பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது. விலையின்றிக் கிடைப்பதால் மொழியியல் துறைகளிலும் இது பரவியுள்ளது.

இம்மொழியின் சிறப்பு, எண்களின் தொடர் ஒன்றினை ஒரே பொருளாகக் கையாளுவதாகும். ஆறு மொழிகளின் விழுக்காடுகளை ஒரு தொடராக்கி அதற்கு ஒரு பெயர் இட்டுவிட்டால், ஆறனையும் வர்க்கப்படுத்த ஒரே கட்டளை போதும், கூட்ட மற்றொன்று. கட்டளைகள் கோப்பில் நிற்பதால், ஒருவர் செய்த கணக்கைப் பிறர் வரிக்கு வரி சரிபார்க்கலாம். ஆய்வாளர்க்கு விரைவைக் காட்டிலும் இதுவே பெரும்பயன் எனலாம்.

2. தரவு

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. இவர்களுள் வங்காளம் 28.5, இந்தி 19.3, தமிழ் 15.2, தெலுங்கு 13.2, நிக்கோபாரி 7.6, மலையாளம் 7.2 விழுக்காட்டினர்க்குரிய மொழிகள். எஞ்சிய 9.0 விழுக்காடு ஏனைய மொழிகளுக்குரியது.

எம்மொழியும் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்பது கருதத்தக்கது. இதற்குக் காரணம் குடியேற்ற வரலாறு. 1858இல் நிறுவப்பட்ட கைதிகள் குடியிருப்பு, இராஞ்சிப் பகுதியிலிருந்து காட்டு வேலைக்கு அழைத்து வரப்பட்ட தொழிலாளர், நாட்டுப் பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியமர்த்தப்பட்ட அகதிகள், தமிழகத்திலிருந்து வந்தோர், கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் எனப் பல அடுக்குகள் இங்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன.

3. கணிப்பு முறை

ஜோசப் கிரீன்பர்க் 1956இல் முன்வைத்த அளவீடுகளுள் எளியது இது: ஒரு பகுதியின் மக்களுள் இருவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தால், அவ்விருவரும் வெவ்வேறு தாய்மொழியினராக இருப்பதற்கான நிகழ்தகவு யாது? ஒவ்வொரு மொழியின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, அக்கூட்டுத்தொகையை ஒன்றிலிருந்து கழித்தால் விடை கிடைக்கும். அனைவரும் ஒருமொழியினராயின் குறியெண் சுழி. பன்மை மிகமிக அது ஒன்றை நெருங்கும்.

நமது தரவில் ஆறு மொழிகளின் வர்க்கக் கூட்டுத்தொகை 0.170. எஞ்சிய 9 விழுக்காட்டை ஒரே மொழியாகக் கொண்டால் 0.008 சேர்ந்து 0.178 ஆகும், குறியெண் 0.822. அதனையே எண்ணற்ற சிறுமொழிகளாகப் பிரித்தாலும் குறியெண் 0.830ஐத் தாண்டாது. ஆகவே, 'ஏனையவை' என்பதன் உள்ளடக்கம் தெரியாமையால் நேரும் ஐயம் 0.008 மட்டுமே.

தொடக்கநிலையாளர் இங்குச் செய்யும் பிழைகள் இரண்டு. விழுக்காட்டைப் பின்னமாக்காமல் 28.5 என்றே உள்ளிட்டால் குறியெண் –1779.6 என வரும். மென்பொருள் மறுப்பேதும் கூறாது. நிகழ்தகவு குறை எண்ணாக இராது என்பதை நாமே அறிந்திருத்தல் வேண்டும். மற்றொன்று, சுழியையும் விடுபட்ட மதிப்பையும் ஒன்றெனக் கொள்ளுதல். ஆர் மொழியில் இவ்விரண்டிற்கும் தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. ஒரு மதிப்பு விடுபட்டிருப்பின், அதனை நீக்குமாறு நாம் வெளிப்படையாகக் கட்டளையிடும்வரை கூட்டுத்தொகையும் 'விடுபட்டது' என்றே வரும். 'பேசுவோர் இலர்' என்பது வேறு, 'தகவல் இல்லை' என்பது வேறு. மொழிப் பட்டியலைப் பயன்படுத்துவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

4. வகைப்பாட்டின் விளைவு

கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழியாகக் கூறிய பெயர்கள் அப்படியே அச்சாவதில்லை. 2011இல் நாடு முழுவதும் 19,569 பெயர்கள் பதிவாயின. அவை ஆராயப்பட்டு 1,369 தாய்மொழிகளாக ஒழுங்குபடுத்தப்பட்டன. 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாமல் நின்றன. பத்தாயிரம் பேருக்குமேல் பேசும் தாய்மொழிகள் 270 என்றும், அவை 121 மொழிகளுள் அடங்குவன என்றும் பட்டியல் கூறுகிறது. 'தாய்மொழி', 'மொழி' என்பன இப்பட்டியலில் இருவேறு நிலைகளைச் சுட்டும் சொற்கள். மொழிபெயர்ப்பாளர் ஒன்றற்கு மற்றொன்றைப் பெய்துவிட்டால் எண்களே மாறிவிடும்.

அந்தமானில் இது வெறும் சொற்சிக்கல் அன்று. இராஞ்சி வழியினர் பேசும் சாத்ரி, பட்டியலில் இந்தியின்கீழ் அடங்குகிறது. தீவுகளின் மக்களுள் அதனைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 5.5 விழுக்காட்டினர். அதனைத் தனிமொழியாகப் பிரித்தால் இந்தி 13.8ஆகக் குறையும், இரண்டாமிடம் தமிழுக்கு உரியதாகும். குறியெண்ணோ 0.822இலிருந்து 0.837ஆக உயரும். மாற்றம் 0.015. அறியப்படாத மொழிகளால் நேரும் ஐயத்தைப்போல் இது ஏறத்தாழ இருமடங்கு. தரவின் குறையைவிட வகைப்பாட்டின் முடிவே விடையை மிகுதியும் அசைக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

5. குறியெண் காணாதவை

இத்தீவுகளின் தொல்குடி மொழிகளை இனி நோக்குவோம். 2011இல் ஓங்கே மக்கள் 101 பேர், சாரவா 380, பேரந்தமானியர் 44. ஓங்கேயர் அனைவரும் தம் மொழியினரே எனக் கொண்டாலும், அம்மொழியின் பங்கை வர்க்கப்படுத்தக் கிடைப்பது ஒரு கோடியில் ஒரு பங்கிற்கும் குறைவு. மூன்று தசமத் தானங்களில் அச்சிடப்படும் குறியெண்ணில் அதற்கு இடமில்லை.

2010 சனவரி 26 அன்று போவா சீனியர் என்னும் மூதாட்டி மறைந்தார். பேரந்தமானிய மொழிகளுள் ஒன்றாகிய 'போ' மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். அவருடன் மொழியியலாளர் அன்விதா அப்பி பணியாற்றியிருந்தார். அந்நாளில் ஒரு மொழி முற்றும் அற்றுப்போயிற்று. குறியெண்ணில் நேர்ந்த மாற்றமோ, ஓராளின் பங்கை வர்க்கப்படுத்திப் பார்த்தால், ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடியில் ஏழு பங்கு. கணக்கில் பிழை இல்லை. கேட்கப்பட்ட வினாவிற்குச் சரியான விடைதான் அது. இருவர் ஒரே மொழியினரா என்று வினவும் அளவீடு, ஒரு மொழி வாழ்கிறதா என்று வினவுவதில்லை.

இக்குறையை ஓரளவு நீக்க வழியுண்டு. மார்க் ஹில் 1973இல் உயிரினப் பன்மைக்கு வகுத்த எண்வரிசை மொழிக்கும் பொருந்தும். அதன் முதலெண் மொழிகளின் வெறும் எண்ணிக்கை. சிறிதாயினும் பெரிதாயினும் ஒவ்வொன்றும் ஒன்றே. இரண்டாம் எண் ஷானனின் தகவல் அளவையிலிருந்து பெறப்படுவது. மூன்றாவது மேற்கண்ட வர்க்கக் கூட்டுத்தொகையின் தலைகீழ். 'ஏனையவை' என்பதை ஒன்றாகக் கொண்ட நமது ஏழு பிரிவுகளுக்கு இவை முறையே 7, 6.2, 5.6 என வருகின்றன. 5.6 என்பதன் பொருள், சமபங்குடைய ஐந்தரை மொழிகள் வழங்கும் பகுதிக்கு இணையான பன்மை என்பதாம். மூன்றனையும் ஒருங்கே தருவதே நேர்மையான நடைமுறை. போ மொழியின் மறைவு பின்னிரண்டிலும் புலப்படாது. முதலெண்ணில் மட்டும் முழுதாக ஒன்று குறையும். அதுவும் அம்மொழி பட்டியலில் முன்னரே தனியாக எண்ணப்பட்டிருந்தால்தான்.

6. தீவும் சிற்றூரும்

தீவுகளின் குறியெண்ணைக் குட்வில் எஸ்டேட் போன்ற ஒரு குடியிருப்பின்மேல் ஏற்றிக் கூறலாமா? கூடாது. இரு சிற்றூர்களைக் கற்பனை செய்வோம், மக்கள்தொகை சமம், ஒன்றில் அனைவரும் தமிழர், மற்றதில் அனைவரும் வங்காளியர். இரண்டையும் சேர்த்துக் கணித்தால் குறியெண் 0.5, தனித்தனியே கணித்தால் இரண்டிலும் சுழி. பன்மை ஊர்களுக்கு இடையே உள்ளதா, ஒவ்வோர் ஊரின் உள்ளேயே உள்ளதா என்பதை மொத்த எண் உரைக்காது. அண்டை வீட்டார் எம்மொழியினர் என்பதைப் பொறுத்தே குழந்தை எம்மொழிகளைக் கேட்டு வளர்கிறது என்பதும், பள்ளியின் பயிற்றுமொழிச் சிக்கலும் அமைகின்றன. தாய்மொழிப் பட்டியல் சிற்றூர் அளவில் வெளியிடப்படுவதில்லை. ஆதலின் அங்குக் களஆய்வே வழி.

மேலும், வெவ்வேறு தாய்மொழியினர் பேசிக்கொள்ள முடியாதவர் என்பதும் இல்லை. தீவுகளில் இந்தி பொதுத் தொடர்புமொழியாக வழங்குகிறது. பன்மொழியறிவைக் கணக்கில் கொள்ளும் தனி அளவீட்டையும் கிரீன்பர்க் அதே கட்டுரையில் தந்துள்ளார். 'பன்மை மிகுதி' என்பதைத் 'தொடர்பின்மை மிகுதி' என்று பெயர்த்துவிடும் எழுத்துகள் இவ்விரண்டையும் மயக்குவனவாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. மென்பொருளின் கணக்கு பிழையற்றதாயினும், அதற்கு முந்தைய வகைப்பாடு விடையை ஆள்கிறது; ஆதலால் எவ்வெவற்றைச் சேர்த்து எண்ணினோம் என்பதைக் குறியெண்ணுடன் கூறுதல் கடமை. ஓர் எண்ணுக்கு மாற்றாக எண்வரிசை தருதல் நன்று. சிறுமொழிகளின் நிலையைப் பன்மைக் குறியெண்ணால் அளக்க இயலாது. பேசுவோரின் வயது, குழந்தைகள் பேசுகின்றனரா என்பன போன்ற வேறு வினாக்களே அதற்கு உரியன.

கணக்கிடும் உழைப்பை மென்பொருள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவ்வாறு மிஞ்சிய பொழுதை, எதை எண்ணுகிறோம் என்று ஆராய்வதில் செலவிடுதல் தகும்.