விலையும் பெறுமதியும்: அமெரிக்கப் பெருங்கார்களின் அன்றும் இன்றும்

விலை வேறு, பெறுமதி வேறு என்பதைச் சந்தைக்குச் சென்று பொருள் வாங்குவோர் யாவரும் அறிவர். ஆயினும், காலம் என்பது இடையிற் புகுந்துவிடின் இவ்விரண்டின் உறவும் எவ்வளவு தூரம் திரிந்துவிடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனைத் தெளிவாக விளக்கவல்ல எடுத்துக்காட்டு, அமெரிக்க நாட்டிற் செல்வர்களுக்கென ஆக்கப்பட்ட அதிவேகக் கார்களின் வரலாறாகும்.

1928ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நியூயோர்க் நகரத்துக் கண்காட்சியொன்றிலே டியூசன்பேர்க் நிறுவனத்தின் ‘ஜே’ என்னும் கார் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. எட்டு உருளைகள் ஒரே வரிசையில் அமைந்த அதன் இயந்திரம் 265 குதிரைவலு உடையதென நிறுவனத்தார் அறிவித்தனர். அக்காலத்திற் சாதாரண மக்கள் வாங்கிய போர்ட் ‘ஏ’ வகைக் காரின் வலு 40 மட்டுமே. இவ்வொன்றே இரண்டிற்கும் இடையிலிருந்த தொலைவைக் காட்டப் போதுமானது.

டியூசன்பேர்க் காரை வாங்கும் முறையும் தனித்தன்மை வாய்ந்தது. நிறுவனத்தார் சில்லுகளும் இயந்திரமும் பூட்டிய அடிச்சட்டத்தை மட்டுமே 8,500 டொலருக்கு விற்றனர். பின்னர் அத்தொகை 9,500 டொலராக உயர்ந்தது. வாங்குபவர் தாம் விரும்பிய கூண்டு கட்டும் தொழிலகத்தைத் தேர்ந்து, தம் சுவைக்கேற்ப மேலுடலை அமைப்பித்துக்கொள்வார். தையற்காரரிடம் அளவு கொடுத்து ஆடை தைப்பிப்பது போன்றதே இம்முறை. 1933ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட டியூசன்பேர்க் காரொன்றின் விலை 20,000 டொலர். அவ்விலையே அதற்குப் பெயராகவும் நிலைத்துவிட்டது. அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த போர்ட் நிறுவனத்தின் எட்டு உருளைக் கார் 460 டொலரிலிருந்து கிடைத்தது. ஆகவே, அவ்வொரு காரின் விலைக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட போர்ட் கார்களை வாங்கியிருக்கலாம். அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் வேலையின்றித் தவித்த காலம் அது என்பதையும் இங்கு நினைத்தல் வேண்டும்.

இத்தகைய நிறுவனம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சி, வாங்குவோர் தொகையைச் சுருக்கியது. ஏறத்தாழ 480 ‘ஜே’ கார்களே ஆக்கப்பட்ட நிலையில், 1937ஆம் ஆண்டில் தொழிற்சாலை மூடப்பட்டது. அதன்பின் நிகழ்ந்ததே சிந்தனைக்குரியது. 1940ஆம் ஆண்டுகளில் இக்கார்களைச் சில நூறு டொலருக்கே வாங்கக்கூடியதாயிருந்தது. எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும் பழைய பெருங்காருக்கு உதிரிப்பாகம் தேடுவார் யார்? போர்க்காலத்தில் உலோகத்திற்காக உடைக்கப்பட்ட பழைய பெருங்கார்களும் பல. அன்று அவற்றை வைத்திருந்தோர் அறிவாளிகள் எனப் போற்றப்பட்டாரல்லர். வீண்செலவாளர் என்றே எண்ணப்பட்டனர்.

இன்றைய நிலை யாது? 1935ஆம் ஆண்டில் டியூசன்பேர்க் நிறுவனத்தார் ‘எஸ்.எஸ்.ஜே.’ எனும் குறுகிய அடிச்சட்டக் கார்கள் இரண்டினை மட்டும் ஆக்கினர். அவை கரி கூப்பர், கிளார்க் கேபிள் என்னும் இரு திரைப்பட நடிகரின் கைக்குச் சென்றன. கூப்பரிடமிருந்த கார், 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் கலிபோர்னியாவில் 2 கோடியே 20 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. அதுவரை எந்த அமெரிக்கக் காருக்கும் ஏலத்திற் கிடைத்திராத தொகை அது.

இத்தொகையைக் கேட்டு வியப்பதோடு நின்றுவிடாது, கணக்கிட்டுப் பார்த்தலே முறையாகும். 1935ஆம் ஆண்டிற்கும் 2018ஆம் ஆண்டிற்கும் இடையே அமெரிக்காவிற் பொருள்களின் பொது விலை ஏறத்தாழப் பதினெட்டு மடங்கு உயர்ந்தது. அக்காலத்து உச்ச விலையாகிய 20,000 டொலரையே இக்காருக்கும் கொள்வோமாயின், 2018ஆம் ஆண்டின் பணத்தில் அது மூன்றரை இலட்சம் டொலரைச் சற்றுக் கடக்கும். கிடைத்த தொகையோ அதனைப் போல் அறுபது மடங்கு. ஆயின், 83 ஆண்டுகளுக்குப் பகிர்ந்து நோக்கினால், இவ்வளர்ச்சி ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒன்பதுக்குச் சற்றுக் குறைந்த கூட்டுவட்டிக்கே ஒப்பாகும். கொட்டகை வாடகை, காப்புறுதி, பழுதுபார்க்குஞ் செலவு ஆகியவற்றைக் கழித்தால் அதுவும் குறையும். மலைப்பூட்டும் எண்ணின் பின்னே மறைந்திருப்பது பெரும்பாலும் காலத்தின் நீளமே.

மேலும், எல்லாக் கார்களும் இவ்வாறு உயர்ந்தனவல்ல. 1957ஆம் ஆண்டில் கடிலாக் நிறுவனம் ‘எல்டொராடோ புறோம்’ என்னும் காரை 13,074 டொலருக்கு விற்றது. துருவேறா உருக்காலான கூரை, காற்றழுத்தத்தில் இயங்கும் தாங்கமைப்பு, பெண்களுக்கான ஒப்பனைப் பொருட்பேழை என அதில் இல்லாத வசதியில்லை. இரண்டாண்டுகளில் 704 கார்களே ஆக்கப்பட்டன. அவற்றாலும் நிறுவனத்திற்கு நட்டமே. 2023ஆம் ஆண்டின் பணத்தில் அவ்விலை ஏறத்தாழ 1,40,000 டொலராகும். இன்று நல்ல நிலையிலுள்ள ஒன்று பெரும்பாலும் அத்தொகையை ஒட்டியே கைமாறுகின்றது. காற்றுத் தாங்கமைப்பு அடிக்கடி பழுதுற்றதால், உரிமையாளர் பலர் அதனைக் கழற்றிச் சுருள்வில்லைப் பூட்டினர். அவ்வாறு மூலவுறுப்பை இழந்த கார், தூய்மை கெடாத காரைப் போல் மதிக்கப்படுவதில்லை.

எனவே, பழமையொன்றே பொருளுக்குப் பெறுமதியைத் தந்துவிடுவதில்லை என்பது பெறப்படும். எஞ்சியிருப்பன சிலவாதல் வேண்டும். ஆக்கியோரின் திறமை ஐயத்திற்கு இடமின்றி விளங்குதல் வேண்டும். அடிச்சட்டத்தின் இலக்கமும் இயந்திரத்தின் இலக்கமும் பழைய பதிவோடு ஒத்திருத்தல் வேண்டும். இவற்றுக்கு மேலாக, அதனை விரும்பிப் போட்டியிடுவோர் இருவரேனும் இருத்தல் வேண்டும். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பழங்கார் ஆர்வலர் சங்கம் தோன்றியதும், 1974ஆம் ஆண்டில் இண்டியானா மாநிலத்து ஒபேர்ன் நகரில் இக்கார்களுக்கென நூதனசாலை திறக்கப்பட்டதும் அவ்விருப்பத்தை வளர்த்தன.

கோடிகள் கொடுத்து வாங்குவோரின் பெயரே இன்று செய்தித்தாள்களில் இடம்பெறுகின்றது. ஆனால், சில நூறு டொலருக்கும் கேட்பாரற்றுக் கிடந்த நாளில், அக்கார்களை உடைக்க விடாது கொட்டகையிற் காத்து, கைப்பட எண்ணெயிட்டுப் பேணியவர் பலர். அவர்கள் இலாபத்தை எதிர்நோக்கியிருக்க முடியாது. ஏனெனில் அன்று இலாபத்தின் சாயலும் தென்படவில்லை. விலை பின்னரே வந்தது; பெறுமதியை முன்னரே கண்டவர் அவர்களே.