ஞாயிறில் ஓடாத வீரர்

சைக்கிளோட்டத்தில் உலகச் சாம்பியனாகிய முதல் கறுப்பினத்தவர் யார் தெரியுமா? அவர்தான் அமெரிக்காவைச் சேர்ந்த மார்ஷல் டெய்லர்.

1878ஆம் ஆண்டு இந்தியானாபொலிஸ் நகரில், பல பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ஒரு செல்வந்தர் வீட்டில் குதிரை வண்டி ஓட்டினார். அந்த வீட்டுப் பையனின் விளையாட்டுத் தோழனாக இருந்த மார்ஷலுக்கு அங்கேதான் முதல் சைக்கிள் கிடைத்தது. பின்னர் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இராணுவச் சீருடை அணிந்து கடை வாசலில் சைக்கிள் வித்தைகள் காட்டியதால் "மேஜர்" என்ற பட்டப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்காலத்தில் சைக்கிளோட்டப் பந்தயங்களை நிர்வகித்த அமெரிக்கச் சங்கம், 1894இல் வெள்ளையர் அல்லாதோரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்து விதி வகுத்தது. எதிர்ப்புகளுக்கு மத்தியிலும் 1895இல் 75 மைல் வீதிப் பந்தயம் ஒன்றில் டெய்லர் வென்றார். 1896இல் தொழில்முறை வீரரானார். குறுந்தூர வேக ஓட்டமே அவரது தனித் திறமை.

வெற்றி கூடக்கூடப் பகையும் கூடியது. மற்ற வீரர்கள் சேர்ந்துகொண்டு அவருக்கு வழிவிடாமல் அடைத்தார்கள். 1897இல் மசசூசெற்ஸ் மாநிலத்தில் நடந்த ஒரு பந்தயம் முடிந்ததும், தோற்றுப்போன வீரரொருவர் அவரைக் கீழே தள்ளி, நினைவிழக்கும் வரை கழுத்தை நெரித்தார். அதற்குக் கிடைத்த தண்டனை வெறும் 50 டொலர் அபராதம்! டெய்லரோ பழிவாங்கப் புறப்படவில்லை. 1899இல் கனடாவின் மொன்றியல் நகரில் ஒரு மைல் ஓட்டத்தில் உலகச் சாம்பியனாகிப் பதில் சொன்னார்.

பக்திமிக்க தாயின் வளர்ப்பு அவர். தாயின் மறைவுக்குப் பின் தன் மார்க்கத்தில் இன்னும் உறுதியானார். கிறிஸ்தவர்களின் வணக்க நாளான ஞாயிறில் பந்தயம் ஓடுவதில்லை என்பது அவரது கொள்கை. ஐரோப்பாவிலோ பெரிய பந்தயங்கள் ஞாயிறில்தான் நடக்கும். பெருந்தொகை தருவதாக அழைத்தும் அவர் இணங்கவில்லை. முடிவில் ஏற்பாட்டாளர்களே இறங்கி வந்தார்கள். 1901இல் ஞாயிறு தவிர்ந்த நாட்களில் ஓடிய அவர், பாரிஸில் பிரான்சின் சாம்பியன் ஜாக்குலினிடம் முதலில் தோற்றாலும், சில நாட்களில் நடந்த மறுபோட்டியில் அவரை வென்றார்.

மறு ஆண்டு டேஸி என்ற பெண்ணை மணந்தார். அவுஸ்திரேலியப் பயணத்தின்போது 1904இல் பிறந்த மகளுக்கு, பிறந்த ஊரின் நினைவாகச் சிட்னி என்ற பெயரையும் சேர்த்துச் சூட்டினார்கள்.

1910இல் ஓய்வு பெற்றபின் வியாபார நட்டமும் நோயும் சேர்ந்து சேமிப்பைக் கரைத்தன. தன் வாழ்க்கைக் கதையை எழுதி 1928இல் வெளியிட்டு, அந்நூலை வீடு வீடாகச் சென்று விற்றார். 1932இல் சிக்காகோவில், ஏழைகளுக்கான இலவச வார்டில் உயிர் பிரிந்தது. அடையாளமற்ற புதைகுழியே மிஞ்சியது. 1948இல் முன்னாள் சைக்கிள் வீரர்கள் அவரது உடலைத் தோண்டியெடுத்து, கௌரவமாக மறு அடக்கம் செய்து பெயர்க்கல் நாட்டினார்கள்.

சம்பாதித்த பணம் அவரிடம் நிலைக்கவில்லை. ஆனால் காசுக்காகக் கொள்கையை விலைபேசாத அந்த நாட்களும், அடித்தவரைத் திருப்பி அடிக்காமல் முந்திச் சென்ற அந்தப் பண்பும் நிலைத்துவிட்டன. சகோதரிகளே, விளையாட்டில் ஆர்வமுள்ள நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க நல்லதொரு கதை இது.