அடுக்கு மாளிகையும் அண்டை வீட்டாரும்

பெருநகரங்களில் நிலம் அருகிவிட்டமையால் அடுக்குமாடிகள் பெருகி வருகின்றன. ஆயினும், தம் இல்லத்தருகே புதியதொன்று எழும் எனக் கேட்டதும் மக்கள் கலங்குவது இயல்பே. காற்றும் வெளிச்சமும் தடைப்படுமோ, தீப்பற்றின் தீயணைப்பு வண்டி உள்ளே நுழையுமோ, நிலத்தடி நீர் போதுமோ என்பன அவர்தம் கவலைகள். இவற்றை வீண் அச்சம் என ஒதுக்குதல் தகாது.

தில்லியை அடுத்த நொய்டாவில் ஒரு குடியிருப்பு உளது. அங்குப் பூங்காவுக்கெனக் காட்டப்பெற்ற இடத்தில், குடியிருப்போரின் இசைவின்றியே இரட்டைக் கோபுரங்கள் எழலாயின. பழைய கட்டடத்துக்கும் புதியதற்கும் இடையே 16 மீட்டர் வெளி வேண்டும். விடப்பட்டதோ 9 மீட்டரே. குடியிருப்போர் தம்முள் பொருள் திரட்டி, 2012-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தை அடைந்தனர். கட்டடங்களை இடிக்குமாறு அம்மன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2021 ஆகஸ்டு 31-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அங்கு வீடு வாங்கியோர்க்குப் பணத்தை 12 விழுக்காடு வட்டியுடன் திருப்பித் தருமாறும் பணித்தது.

2022 ஆகஸ்டு 28 அன்று, குதுப்மினாரினும் உயர்ந்த அக்கோபுரங்கள் ஏறத்தாழ 3,700 கிலோ வெடிமருந்தால் சில நொடிகளில் வீழ்ந்தன. வழக்கில் வென்றவர்களும் அன்று தம் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியேற வேண்டியதாயிற்று. மலைபோற் குவிந்த இடிபாடுகளை அகற்றப் பின்னும் பல திங்கள் சென்றன.