பற்றவைப்பில் மறைந்திருக்கும் இழுவிசை

ஈரத் தோலைச் சட்டத்தில் இழுத்து மாட்டி உலர்த்தும் காட்சி ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்து மாணவர்களுக்குப் புதிதன்று. உலர உலரத் தோல் சுருங்க முயல்கின்றது. சட்டமோ அதனை விடுவதில்லை. ஆகவே தோல் முழுவதிலும் ஓர் இழுவிசை குடிகொள்கின்றது. எஃகுத் தகடுகளைப் பற்றவைக்கும்போதும் இதுவே நிகழ்கின்றது. உருகிய உலோகம் குளிர்ந்து சுருங்க விழைகின்றது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதனைத் தடுக்கின்றது. வெளிப்பாரம் எதுவும் இல்லாதபோதும் இணைப்பினுள் தங்கிவிடும் இதனை எஞ்சிய தகைவு என்பர்.

எஃகில் கலந்துள்ள தனிமங்கள் இத்தகைவைப் பெரிதும் மாற்றுகின்றன. சாதாரண எஃகு குளிர்ந்துவரும்போது, ஒரு வெப்பநிலையில் அதன் அணுக்கள் தம் அடுக்குமுறையை மாற்றிக்கொள்கின்றன. அப்போது உலோகம் சற்றே விரிந்து இழுவிசையைத் தணிக்கின்றது. ஆனால் இம்மாற்றம் 600 டிகிரி செல்சியசுக்கு மேலேயே பெரும்பாலும் முடிந்துவிடுவதால், எஞ்சிய குளிர்ச்சியில் இழுவிசை மீண்டும் வளர்ந்துவிடுகின்றது. 9 விழுக்காடு குரோமியமும் 1 விழுக்காடு மாலிப்டினமும் கொண்ட எஃகில் மாற்றம் 400 டிகிரியை ஒட்டித் தொடங்குகின்றது. குரோமியமும் நிக்கலும் ஏறத்தாழப் பத்துப் பத்து விழுக்காடு கலந்த பற்றவைப்புக் கம்பியை ஜப்பானிய அறிஞர்கள் ஆராய்ந்தனர். அதில் மாற்றம் 200 டிகிரிக்கும் கீழே நிகழ்கின்றது. விரிவு கடைசியில் வருவதால், இழுவிசைக்கு மாறாக அழுத்தமே எஞ்சி நிற்கின்றது.

18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ள துருவேறா எஃகின் நிலை வேறு. அதில் இம்மாற்றம் நிகழ்வதில்லை. எனவே இடையில் தணிப்பும் இல்லை. மேலும், ஒரு மீட்டர் நீளம் 100 டிகிரி குளிரும்போது சாதாரண எஃகு சுமார் 1.2 மில்லிமீட்டர் சுருங்க, இது 1.7 மில்லிமீட்டர் சுருங்குகின்றது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். தோல் கெடாதிருக்க உப்பிடுகின்றோம். அவ்வுப்பு கழிவுநீரில் கலக்கின்றது. வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகளின் மாசு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னாளில் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் கலங்களும் இங்கு அமைந்தன. சூடான உப்பு, இழுவிசை, இவ்வகைத் துருவேறா எஃகு ஆகிய மூன்றும் ஒன்றுகூடினால், கிளைவிடும் நுண்விரிசல்கள் தோன்றிக் கலம் கசியக்கூடும். ஆதலால் குரோமியம் மிகுத்து நிக்கல் குறைத்த இருநிலை எஃகைப் பொறியாளர் நாடுவர். பாலாற்றின் தூய்மை, கண்ணுக்குப் புலப்படாத இத்தகைவை அறிந்து பணிபுரிவோரையும் சார்ந்திருக்கின்றது.