கோவாவுக்கு ஒரு நுளம்பு வலை

புத்தூர்ச் செம்மண்ணில் நட்ட கோவாக்கன்று வேர்பிடித்ததும் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்துப் பச்சை சுரண்டப்பட்டு, மேல்தோல் மட்டும் மிஞ்சிய வெளிறிய திட்டுகள் தெரியலாம். பக்கத்தில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வரை வளரும் இளம்பச்சைப் புழு இருக்கும். தொட்டால் துடித்துப் பின்வாங்கும். அல்லது நூல்விட்டுத் தொங்கி இறங்கும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு அது.

கோவாவும் எதிர்க்காமல் இருப்பதில்லை. இலை கடிபட்டதும், அதில் தனித்தனியே கிடந்த ஒரு கந்தகச் சேர்மமும் ஒரு நொதியமும் கலந்து கடுகின் காரத்தை உண்டாக்கும். பல பூச்சிகள் அதற்கே விலகிவிடும். இந்தப் புழுவின் குடலிலோ, காரம் பிறக்குமுன்பே அந்தச் சேர்மத்தை முறிக்கும் நொதியம் இருக்கிறது. தாய்ப்பூச்சி அந்தக் கார நெடியைப் பிடித்துக்கொண்டே முட்டையிட வருகிறது!

செடியின் நஞ்சை வென்ற பூச்சி மனிதரின் நஞ்சையும் வென்றது. டீ.டீ.ரீ. இதனிடம் பலிக்கவில்லை என்று 1953இலேயே யாவாவிலிருந்து செய்தி வந்தது. 1990இல், பீ.ரீ. பற்றீரியா மருந்துக்கும் இது வயலிலேயே எதிர்ப்புப் பெற்றது ஹவாயில் பதிவானது. வெப்பநாடுகளில் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஒவ்வொரு முறை மருந்தடிக்கும்போதும் தப்பியவைதான் அடுத்த தலைமுறையைப் பெருக்கும்.

மருந்துக்குத் தப்ப, உடலின் வேதியியலில் சிறு மாற்றம் போதும். ஆனால் நெருக்கமான வலைக்கண்ணுக்குள் நுழைய உடலே சுருங்கவேண்டும். ஆபிரிக்காவின் பெனின் நாட்டில் ஆய்வாளர்கள் நுளம்பு வலையையே கோவாப் பாத்திக்கு மேல் கட்டிப் பார்த்தார்கள். புழு வெகுவாகக் குறைந்ததை 2006இல் வெளியிட்டார்கள். இந்த அந்து பொழுதுபட்ட பிறகே மும்முரமாகப் பறக்கும். ஆகவே மாலையில் மூடிப் பகலில் திறக்கும் முறையும் அங்கே பரீட்சிக்கப்பட்டது. வெக்கையும் நிழலும் அதனால் குறையும். பூசணியைப் போலப் பூவில் காய்பிடிக்கும் பயிரென்றால் தேனீ வரவேண்டும். கோவாவில் நாம் உண்பது இலை என்பதால் அந்தக் கவலை இல்லை.

வலைக்கும் எல்லை உண்டு. நுண்ணிய அழுக்கணவன் கண்வழியே புகுந்துவிடும். நாற்றிலேயே முட்டை இருந்தால் புழுவை உள்ளே வைத்து வளர்த்ததாகிவிடும். எனவே இலைகளைப் பார்த்து நட்டு, அன்றே மூடவேண்டும். வளைகம்பி நாட்டி, வலை இலையில் படாமல் இழுத்து, மூடும்போதெல்லாம் ஓரங்களை மண்ணால் அணைத்துவிட வேண்டும்.

புத்தூர் இருக்கும் வலிகாமத்துக்கு இந்த முறை கூடுதலாகப் பொருந்துகிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத இந்த மண்ணில் இறைப்பதும் குடிப்பதும் பெரும்பாலும் கிணற்றுநீரே. புத்தூர் நிலாவரைக் கிணறு காட்டும் அதே சுண்ணக்கல்தான் மழைநீரை ஊறவிட்டுச் சேர்த்து வைக்கிறது; மேலே தெளிப்பதும் அந்த நீரோடு இறங்கக்கூடும். வீட்டுக்கோடியில் நாலு பாத்தி கோவா வைப்பவர் முதற்காசை வலைக்கே போடலாம். மருந்துக்கு அடங்காத பூச்சியை அது தடுக்கும். கிணற்றுக்கும் அதனால் கேடில்லை.