பின்வாசலுக்கு எட்டடிப் பச்சைத் திரை

செடிக்கடைக்குப் போய் "பின்பக்கம் மறைக்க ஒரு மரம் வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். சீக்கிரம் வளர்வது எதுவோ அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். எவ்வளவு உயரம் வேண்டும், கால்வாய் எத்தனை அடியில் இருக்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. தெரஸ் வீட்டுக்கு இந்த மூன்று கேள்விகளும்தான் முக்கியம்.

எங்கள் வீட்டுக்கு இது தேவைப்பட்டது பாட்டிக்காக. பின்சந்துக்கு அப்பால் இருந்த ஒற்றை மாடி வீட்டை எடுத்துக் கட்டினார்கள். மேலே வரிசையாக மூன்று சன்னல். அதுவரை தினமும் பின்வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்த பாட்டி, அடுப்படிக்குள்ளேயே முடங்கிவிட்டார். யாரும் எட்டிப் பார்த்ததாக அவர் சொல்லவில்லை. "கைலியோட நிம்மதியா உட்கார முடியலம்மா" என்றார், அவ்வளவுதான். அப்பா தகடு அடித்துவிடலாம் என்றார். 12 அடி ஆழமுள்ள இடத்தில் தகடு அடித்தால் காற்று நின்றுவிடும், வெக்கை மட்டும் மிஞ்சும். செடிக்கு ஒரு வாய்ப்புக் கேட்டேன்.

முதலில் உயரம். படிவம் மூன்றில் படித்த வடிவொத்த முக்கோணங்கள் இதற்குப் போதும். உட்கார்ந்தால் பாட்டியின் தலை 4 அடி உயரத்தில் இருக்கும். எதிர்ச் சன்னலில் நிற்பவரின் கண் ஏறக்குறைய 16 அடியில். இரண்டுக்கும் இடையே 30 அடி. செடி வரிசை பாட்டியிடமிருந்து 10 அடி தள்ளி. அந்தப் பார்வைக்கோடு செடி வரிசையைக் கடக்கும் உயரம் 4 + (12 × 10 ÷ 30), அதாவது 8 அடி. எட்டடிக்கு மரம் எதற்கு? நன்றாக வளர்ந்த புதர்ச்செடியே போதும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், கோயில் வளாகங்களில் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கத்தின் மீதிருந்த ஆசை எனக்கு விட்டது. அது பாட்டுக்கு நாற்பதடி போகும். உதிரும் இலையெல்லாம் கால்வாய்க்குள் விழும்.

அடுத்தது வேர். மரத்தின் வேர் ஆணிபோல் நேரே கீழே இறங்கும் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடிக்குள் பக்கவாட்டில்தான் ஓடுகிறது. கிளைகளின் பரப்பையும் தாண்டிப் போகும். சிமெண்டுக் கால்வாயில் விரிசல் இருந்தால், கசியும் ஈரம் வேருக்கு அழைப்பு. ஆலின் உறவான பெரிங்கின், தொட்டியில் அழகாகத்தான் இருக்கும். தரையில் வைத்தால் சுவரைத் தூக்கும். தெரஸ் வீட்டில் மாமரம் நடுவதையும் நான் ஆதரிக்கமாட்டேன், திட்டுங்கள் பரவாயில்லை.

பாட்டி அரளி கேட்டார். பூசைக்குப் பூ, வெயிலுக்கு அஞ்சாது, அடர்த்தியாகவும் வளரும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சித்தியின் மூன்று வயது மகன் வாரந்தோறும் வருகிறான். கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைப்பவன். அரளி வேண்டாம் என்பதில் நான் இறங்கி வரவில்லை. மூங்கிலும் கழிந்தது. வெட்டிய கணுக்களில் மழைநீர் தேங்கும், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். கெமுனிங் கடைசிவரை போட்டியில் இருந்தது: வெள்ளைப் பூ, நல்ல மணம், கறிவேப்பிலைக்குச் சொந்தம். ஆனால் எலுமிச்சை வகைகளில் பசுமை நோயைப் பரப்பும் சிறுபூச்சிக்கு அது மிகவும் பிடித்த செடி. எங்களிடம் காய்த்துக்கொண்டிருக்கும் லிமாவ் கஸ்தூரி இருக்கிறது.

கடைசியில் வென்றது கெலாட் பாயா. கடைக்காரர்கள் யூஜினியா என்பார்கள். நம் வட்டாரத்துச் செடி. நாவல் மரத்தின் இனம். துளிர் செம்பு நிறத்தில் வந்து பிறகு பச்சையாகும். வெட்ட வெட்ட அடர்த்தியாகும், விட்டால் மரமாகிவிடும். 20 அடி அகலத்துக்கு மூன்றடி இடைவெளியில் ஏழு செடிகள், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி. தோண்டினால் மண்ணைவிடச் செங்கல் துண்டுகள்தான் அதிகம் வந்தன. புதிய தாமான்களில் உங்களுக்கும் அதுதான் வரும். குழியை அகலமாகத் தோண்டி, நல்ல மண்ணும் மட்கிய உரமும் கலந்து நிரப்புங்கள்.

மூன்றடியில் வாங்கியவை ஓராண்டில் ஐந்தரை அடி ஆகியிருக்கின்றன. எட்டு ஆகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதையும் அதே கணக்கு சொன்னது: செடிக்கு அருகே போகப் போகத் தேவையான உயரம் குறையும். இன்றைய உயரத்துக்குச் செடியிலிருந்து மூன்றடிக்குள் உட்கார்ந்தால் சன்னலுக்குத் தெரியாது. ஆறடி ஆனால் நான்கடி தள்ளி உட்காரலாம். பாட்டிக்கு முக்கோணத்தில் நம்பிக்கை இல்லை. தாமே போய் உட்கார்ந்து, மூன்று சன்னலையும் ஒவ்வொன்றாக அண்ணாந்து தேடிப் பார்த்த பிறகுதான் கீரைக்கட்டைக் கேட்டார்.

இனி மிச்சமிருப்பது வெட்டுவது. அடிப்பகுதி சற்று அகலமாகவும் மேற்பகுதி குறுகலாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கீழ்க்கிளைகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் அடி மொட்டையாகிவிடும். மாதம் ஒருமுறை அந்த வேலை என்னுடையது. வெட்டிய கிளைகளைப் பின்சந்தில் போடாமல் மூட்டை கட்டுவது தம்பியுடையது. அதற்கு அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.