துரத்தலில் நேரும் மரணம்: விசாரிப்பவர் யார்?

நிறுத்தச் சொல்லியும் நில்லாது விரையும் வாகனத்தைக் காவலர் துரத்துவது அவர்தம் கடமையின் ஒரு பகுதியே. ஆனால் அத்துரத்தலில் ஓட்டியவரோ, உடன் சென்றவரோ, சாலையோரம் நடந்த தொடர்பற்ற ஒருவரோ உயிரிழப்பின், அதனைச் சாதாரண விபத்தாகக் கொள்வதற்கில்லை. அரசின் செயல் அம்மரணத்திற்குக் காரணமாயிற்றா என்ற வினா எழுகிறது. துரத்திய துறையே அதற்கு விடை கூறுமாயின் மக்கள் நம்பிக்கை கொள்வது அரிது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கெனத் தனி ஏற்பாடு உள்ளது. 2002-ஆம் ஆண்டின் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டப்படி, இத்தகைய மரணங்களைச் சுதந்திர அமைப்பு ஒன்றிற்குத் தெரிவித்தல் கட்டாயம். 2004-இல் செயல்படத் தொடங்கிய காவல்துறைப் புகார்களுக்கான சுதந்திர ஆணையத்தின் இடத்தில், 2018 முதல் காவல்துறை நடத்தைக்கான சுதந்திர அலுவலகம் இயங்குகிறது. காவல்துறையில் எக்காலத்திலும் பணியாற்றியவர் இதன் தலைமை இயக்குநராக முடியாது.

துரத்துதல் தேவையாயிருந்ததா, ஓட்டிய காவலர் உரிய பயிற்சி பெற்றவரா, வேகமும் சாலை நிலையும் எத்தகையவை, ஆபத்து மிகுந்தபோது கட்டுப்பாட்டு அறை துரத்தலைக் கைவிடச் சொல்லிற்றா என்பனவே விசாரணையின் முக்கிய வினாக்கள். கம்பியில்லாத் தொடர்பின் ஒலிப்பதிவும், வாகனத்திலுள்ள பதிவுக் கருவியும், கேமராப் படங்களும் சான்றுகளாகின்றன. மரண விசாரணை அதிகாரியின் தனி விசாரணையும் உண்டு. மேலும் உயிரிழப்புகளைத் தவிர்க்கும் வழிகளை உரியவர்களுக்கு அவர் எழுதினால், 56 நாட்களுக்குள் பதிலளித்தாக வேண்டும்.

காவலருக்கும் பாதுகாப்பு தேவை. 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, காவல் ஓட்டுநரின் செயல் சாதாரண ஓட்டுநரோடன்றி, அதே பயிற்சி பெற்ற, கவனமுள்ள காவல் ஓட்டுநரோடு ஒப்பிடப்படுகிறது.

இந்தியாவில், காவலில் நிகழும் மரணத்தை 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்குமாறு தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1993-இல் பணித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவும் காவல் மரணத்திற்கு நடுவர் விசாரணையைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் துரத்தப்படுபவர் இன்னும் காவலில் எடுக்கப்படாதவர். ஐயத்திற்குரிய பிற மரணங்களில் நடுவர் விசாரணை நடத்தலாம் என்று மட்டுமே அப்பிரிவு கூறுகிறது. கட்டாயத்திற்கும் விருப்புரிமைக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டை அலுவலர்கள் உணர்ந்து, அவ்வுரிமையைத் தயங்காது பயன்படுத்துதல் வேண்டும். உயிரிழந்தோரின் குடும்பத்திற்கு உண்மையையும், கடமை தவறாத காவலருக்கு நற்பெயரையும் தரவல்லது நடுநிலையான விசாரணை ஒன்றே.